கோழியடைப்பைச் சுற்றி ஒரு கான்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால், ஜீவராணியின் கோழிகள் மூடுபனிக்குள் நின்றன. கால்கள் தெரியவில்லை. உடம்புகள் மட்டும் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கால்கள் எதில் நிற்கின்றன என்று அவளுக்கல்லவா தெரியும். வெறும் களிமண். மழை பெய்தால் போதும், மிதித்த காலை உள்ளே இழுக்கும். சில கோழிகள் பாதம் புண்ணாகி நொண்டின. முட்டையும் குறைந்துவிட்டது.

வேலை வேண்டாமென்று தோட்டத்தில் பேரை வெட்டிவிட்டு வந்தவள் அவள். விடிந்ததும் விடியாததுமாக, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடி, கங்காணி முன்னால் நின்று பேர் கொடுத்தது போதும், கோழி வளர்த்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று லயமே கேட்கும்படி சொல்லியிருந்தாள். இந்த மழையில் கோழிகள் போனால், மறுபடி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு அதே இடத்தில்தான் நிற்க வேண்டும்.

புருஷன் கணேசமூர்த்தி தேயிலை மலையில் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீருக்கு வாய்க்கால் எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கி, அடைப்பைச் சுற்றி நூல் பிடித்த மாதிரி ஒரு கான் வெட்டினார். பக்கத்து வீட்டு மீனம்மா வந்து பார்த்து, "தொர பங்களாவுக்குக்கூட இப்படி வெட்டலயே" என்றாள்.

மறுநாள் மழை. விட்டபின் பார்த்தால், அடைப்பு முன்னைவிட மோசம்.

ஜீவராணிக்கு அழக்கூடத் தோன்றவில்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். பனி மடிவரை வந்தது. கண் திறந்தபடியே ஒரு கனவு. காய்ந்த தரை, அதில் கோழிகள் அவசரமே இல்லாமல் நடக்கின்றன. அவளும் கூடவே நடக்கிறாள். யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. கானில் ஓர் இறகு மிதந்து வந்தது. கொஞ்சதூரம் வந்து நின்றது, அப்புறம் அசையவே இல்லை. எழுந்துபோய்க் குனிந்து பார்த்தாள். கானுக்குக் குறுக்கே ஒரு மண் தடுப்பு. அதற்கப்பால் இன்னொன்று. சுற்றிலும் அப்படியே.

"என்னங்க, இங்க வாங்க. இந்தத் தடுப்பெல்லாம் எதுக்கு?"

"கான்னா தடுப்பு இருக்கத்தானே செய்யும்? தண்ணி நின்னு ஊறணும். மண்ணு ஓடிறக் கூடாது."

"தேயிலைக்குச் சரி. கோழிக்குமா?"

அவர் கானைக் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷம் தோட்டத்துக்கு வெட்டிய கை, அவரைக் கேட்காமலே தடுப்பு விட்டிருந்தது.

"நான் திரும்பப் பெரட்டுக்குப் போகணும்னுதான் வெட்டுனீங்களா?" அவள் ஆத்திரத்தோடு கேட்டாள்.

அவர் மண்வெட்டியை எடுத்துத் தடுப்புகளை ஒவ்வொன்றாக உடைத்தார். செந்தண்ணீர் கீழே பெரிய கானுக்குப் பாய்ந்தது. மண்ணும் கூடவே போவதைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது.

"அந்த மண்ணை நான் புடிச்சு வைக்கிறேன்" என்று ஜீவராணி மேலே ஏறினாள். கவ்வாத்து வெட்டிய மலையில் கிடந்த தேயிலை மிலாறை, அந்தக் காய்ந்த குச்சிகளை, கட்டுக்கட்டாகச் சுமந்து வந்தாள். அவர் அதைப் பொடியாக நறுக்கினார். இருவருமாக அடைப்பு முழுக்கக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பினார்கள். வேரால் மண்ணைப் பிடித்து வைக்க, கான் ஓரமாக மானாப்புல்லை நட்டார்கள்.

மழை பெய்துகொண்டே இருந்தது. அடைப்பில் தண்ணீர் மட்டும் தேங்கவில்லை. கோழிகள் மிலாறைக் கிளறிக் கிளறிப் புழு தேடின. புண்கள் ஆறின. பனிக்குள் கைவிட்டுத் துழாவினால் வெதுவெதுப்பாக முட்டை அகப்பட்டது. அந்தச் சூட்டை விட மனமில்லாமல் அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்த கணேசமூர்த்தி அடைப்பு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கும் கங்காணி கேட்டாரு, ஒம் பொஞ்சாதி எப்ப வருதுன்னு."

"தெனமும் கேப்பாரா?"

"கேப்பாரு. மழ முடியட்டும், வந்துரும்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

சுருக்கென்றது அவளுக்கு. அப்படியானால் இவர் ஒரு நாளும் நம்பவில்லை.

"இன்னைக்கு என்ன சொன்னீங்க?"

அவர் கோழிகளைப் பார்த்தபடியே சொன்னார்: "அது வராது, வேற ஆளப் பாருங்கன்னுட்டேன்."