கோட்டுப் பையில் ஒரு கம்பிநார்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. ஒரு தேவாலயத்தின் பின்பக்கத்து உணவுக்கூடத்தில், தலை நரைத்த இருவர் ஓர் ஈரத்துணியின் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"குடுங்க, தரையை நான் துடைக்கிறேன்."

"ஐயோ, நீங்க போய் துடைக்கிறதா? விடுங்க."

துணி கிழிந்தது. இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். அதிலும் யார் முதலில் கேட்பது என்று போட்டி.

வாரத்தில் ஒரு நாள், பசியோடு வருகிற எவருக்கும் அங்கே மதியம் சூப்பும் ரொட்டியும் உண்டு. சபையார்தான் பரிமாறுவார்கள். 'பந்திக்கு முந்து' என்ற பழமொழி அந்தக் கூடத்தில் செல்லாது. வந்தவர்கள் எல்லோரும் எழுந்த பிறகே பரிமாறியவர்கள் சாப்பிடலாம். அவர்களிலும் அண்டாவைத் தேய்ப்பவர் கடைசியாகச் சாப்பிட வேண்டும். இதுதான் அங்கே சட்டம். ஆகவே அண்டா தேய்ப்பதுதான் அங்கே ஆகப் பெரிய பதவி. யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஒரு கேலிக்கதை எழுதிவிடலாம் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். (நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அது இல்லை. அது பாதியில் கையை விட்டுப் போய்விட்டது.)

2

முதல் தொடக்கம்: 'அண்டா தேய்க்கிற பல் டாக்டர் மிகவும் தாழ்மையானவர், ஆனால்—'

'ஆனால்' வந்ததும் நிறுத்திவிட்டேன். ஒருவரைப் புகழ்ந்த அதே மூச்சில் காலை வாருவது எழுதுகிறவர்களுக்கு உள்ள கெட்ட பழக்கம்.

இரண்டாம் தொடக்கம்: 'அண்டா அடிப்பிடித்திருந்தது.' இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

அண்டா அடிப்பிடித்திருந்தது. பல் டாக்டர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, தலையை அண்டாவுக்குள் விட்டார். ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், அக்காவோடு வசிப்பவர். காலமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்த மனிதருக்கு அண்டா இன்னொரு வாய், அவ்வளவுதான். தேய்த்துக் கவிழ்த்த பிறகு, தொட்டியோரம் நின்றபடியே ஆறிப்போன சூப்பைக் குடிப்பார். யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று நகர்ந்துகொள்வார். அந்த நேரம் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். மனைவி போன பிறகு, வாரத்தில் தான் யாருக்காவது உதவுகிற பொழுது அது ஒன்றுதான் என்று நினைப்பார். இதில் வேஷம் எதுவும் இல்லை.

(அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை, ஆனால் இன்னொரு மருத்துவர் முன்னால் வாயைத் திறக்க மனமில்லாமல் ஒரு பக்கமாகவே மெல்லுகிறார் என்று ஒரு பத்தி எழுதினேன். பிறகு எடுத்துவிட்டேன். கதைக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. வாழ்க்கை அவ்வளவு நல்ல தையற்காரர் இல்லை.)

3

இஸ்திரிக்காரம்மா முதல் வரைவில் அழுதார். ஒட்டவில்லை. இரண்டாம் வரைவில் சாந்தமே உருவாக நின்றார். அதுவும் ஒட்டவில்லை. மூன்றாவதில் நான் எதுவும் செய்யாமல் அவரைத் தொட்டியருகே கொண்டுபோய் விட்டேன். அவரே பேசினார்.

அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சலவைக்கடையை மூடிவிட்டார்கள். கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கை. சில வாரங்களாக வரிசையில் வந்து சாப்பிட்டுவிட்டு, கணவருக்கு டிபன் கேரியரில் வாங்கிப் போகிறார்.

"டாக்டர், இன்னிக்கு அண்டாவ நான் தேய்க்கிறேன்."

"ஐயையோ, நீங்க சாப்பிட வந்தவங்க. போய் உட்காருங்கம்மா."

"சாப்பிட்டாச்சு. அதனாலதான் தேய்க்கிறேங்கறேன்."

"வேண்டாம்மா. இது என் வேலை. இதைவிடக் கீழான வேலை இருந்தாலும் சொல்லுங்க, அதையும் நானே செய்றேன்."

சிரித்துக்கொண்டு, மனதாரத்தான் சொன்னார். அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். தரைக்கு இரண்டு பேர், மேஜைக்கு மூன்று பேர், கழிவறை வாசலில் வாளியோடு ஒருவர். கூடத்தில் ஒரு வேலைகூட மிச்சமில்லை.

"பாருங்க டாக்டர், வாங்கித் தின்னுட்டு கைய வீசிட்டுப் போறது எனக்கு ஒத்துவரல. தொண்டையில இறங்கமாட்டேங்குது. எனக்கும் ஒரு வேலை இருந்தா வருவேன். இல்லேன்னா இன்னியோட சரி."

"அப்போ வீட்டுல அவருக்கு?"

"அவருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், ரோஷக்காரி என்று நினைத்துக்கொண்டு டாக்டர் மறுபடியும் அண்டாவுக்குள் குனிந்தார்.

4

தாழ்மையைப் பற்றி இங்கே ஒரு கட்டுரைப் பத்தி வர வேண்டும். ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதைப் போதகர் ஆண்டுதோறும் சொல்லுவார். கேட்கிற எல்லோரும் துண்டு கட்டியவர் இடத்தில்தான் தங்களை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் இடத்துக்கு ஆள் வராது. அதிலும், கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்ட அந்த ஒரு சீடர்—

இதோடு விடுகிறேன். பிரசங்கத்துக்கு ஆளா இல்லை?

5

மறுநாள் அக்கா கோட்டைத் துவைக்க எடுத்தார். பைக்குள் கை விட்டவர் "ஆ!" என்று விரலை உதறினார்.

"ஏன்டா, இது என்ன?"

"கம்பிநார்."

"அது தெரியுது. பாத்திரம் தேய்க்கிறது உன் கோட்டுக்குள்ள என்ன பண்ணுது?"

நடந்தது இதுதான். அந்தச் சமையலறையில் அடிப்பிடித்ததைச் சுரண்ட அது ஒன்றுதான் உண்டு. எப்போதோ ஒரு வாரம், அவர் வருவதற்குள் வேறொருவர் அண்டாவில் கை வைத்துவிட்டார். அன்றிலிருந்து டாக்டர் கம்பிநாரைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த வாரம் கையோடு கொண்டுபோகிறார். யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"அங்க விட்டா காணாமப் போயிடுதுக்கா."

"காணாமப் போகுதா, இல்ல வேற யாராவது தேய்ச்சுடறாங்களா?"

அவர் கம்பிநாரை வாங்கக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல முதல் ரேங்க் வரலேன்னு சோறு திங்காம கிடந்தவன்தானே நீ. இப்போ கடைசி ரேங்க்கையும் விடமாட்ட போலிருக்கே!"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. இஸ்திரிக்காரம்மா கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், அவர் இனி வரமாட்டேன் என்று போனதையும் சொன்னார். அக்காவின் சிரிப்பு நின்றது.

"அப்போ படுத்துக் கிடக்கிற அந்தப் புருஷன் அடுத்த வாரம் என்னத்தடா சாப்பிடுவாரு?"

டாக்டருக்கு வெட்கமாகிவிட்டது. சாதாரண வெட்கம் இல்லை, காது மடல் வரை சுட்டது. தாழ்மை என்று நினைத்துத் தான் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு நாற்காலி, அதுவும் இன்னொருவருக்கு வேண்டிய நாற்காலி என்று அவருக்குப் புரிந்தது. (புரிந்தது என்று நானே எழுதிவிட்டேன். உண்மையில் அன்று அவருக்குப் பாதிதான் புரிந்தது.)

6

முடிவு ஒன்று: அடுத்த வாரம் எல்லோர் முன்னிலையிலும் டாக்டர் கம்பிநாரை அம்மாவின் கையில் கொடுக்கிறார். போதகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. கோடு போட்டு அடித்துவிட்டேன். இதிலும் அவர்தானே நடுக்கூடத்தில் நிற்கிறார்?

முடிவு இரண்டு: அம்மா வரவில்லை. அண்டா பளபளக்கிறது. இது நடக்கக்கூடியது. எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு மூன்று: டாக்டர் போதகருக்கு ஃபோன் செய்து, "இந்த வாரம் நான் வரல பாஸ்டர். அண்டாவுக்கு ஆள் இல்லேன்னு அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்கிறார். போதகர் போய்ச் சொல்கிறார். ஆள் வேண்டும் என்றதும் அம்மா வரச் சம்மதிக்கிறார். ஓசைப்படாமல் விட்டுக்கொடுத்துவிட்ட நிறைவோடு டாக்டர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மதியம் கடைக்குப் போகலாம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு பையில் கை விட்டால், சுருக்கென்று குத்துகிறது. துவைத்த கோட்டில் அக்கா கம்பிநாரைப் பழையபடி போட்டு வைத்திருக்கிறார்.

பதவியை விட்டுவிட்டார், கருவியை விடவில்லை. இதை என்னால் அடிக்க முடியவில்லை.

7

அவர் மூச்சு வாங்க ஓடிவந்தபோது கூடம் காலியாகியிருந்தது. இஸ்திரிக்காரம்மா உப்பைத் தூவி, பழைய துணியால் அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாதிகூடப் போகவில்லை. அவருடைய டிபன் கேரியர் மேஜைமேல் திறந்தபடி கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வேலை முடித்த பிறகுதான் கணவருக்கு எடுத்துக்கொள்வேன் என்று போதகரிடம் சொல்லிவிட்டாராம்.

டாக்டர் கம்பிநாரை நீட்டினார். "இதை நான்... வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்."

"நல்ல வேளை. இந்தத் துணி ஒண்ணுத்துக்கும் ஆகல."

வாங்கிக்கொண்டார். வேறெதுவும் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் டாக்டரின் விரல்கள் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கியிருந்தன. அம்மா அதைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா டாக்டர்?"

"இல்ல, அது வந்து... அப்புறமா..."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அடுப்போரம் தனியாக எடுத்து வைத்திருந்த சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் ரொட்டியை வைத்தார்.

"உட்காருங்க."

"நீங்க முதல்ல சாப்பிடுங்கம்மா, நான் நின்னுக்கிட்டே—"

"அண்டா தேய்க்கிறவங்கதானே கடைசியில சாப்பிடணும்? உங்க சட்டம்தான். இன்னிக்குத் தேய்க்கிறது நான்."

டாக்டர் நாற்காலியைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால், தன் முறை வரவில்லை என்று அம்மா அண்டாவைக் கழுவி வைத்துவிட்டு, வெறும் கேரியரை மூடிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் வரமாட்டார். இது அவருக்குத் தெரியும்.

8

அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். நன்றாகவே எழுதியும் வைத்திருந்தேன். அந்தக் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் போட்டபோதுதான் உறைத்தது: கடைசி வேலையை வேறு யாரும் தொடாதபடி நானும் பையில் போட்டுக்கொண்டு போகிறேன்.

எடுத்துக் கிழித்துவிட்டேன். இந்த ஒரு வேலையை உங்களுக்கு மிச்சம் வைத்திருக்கிறேன். இதுவரை சும்மா உட்கார்ந்து வாசித்தீர்கள், கொஞ்சம் கை கொடுங்கள்.

அம்மா நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி காத்திருக்கிறார். டாக்டர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.