நூல் கட்டிய செம்பருத்தி

பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்யும் ஜெசிந்தினிக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. கோவிலில் பூசை முடிந்து வந்ததும் மஞ்சள் செம்பருத்தியில் ஒரு பூவைப் பறிப்பாள். அதன் மகரந்தத்தை மதிலோரச் சிவப்புச் செம்பருத்தியில், பூவின் நடுத்தண்டு நுனியிலுள்ள ஐந்து புள்ளிகளிலும் தடவுவாள். அடையாளத்துக்குக் காம்பில் வெள்ளை நூல் கட்டுவாள். காய் பிடித்தால் விதை கிடைக்கும். விதையிலிருந்து என்ன நிறம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

ஏழு ஞாயிறு தடவினாள். ஏழும் மூன்றாம் நாளே பழுத்து உதிர்ந்தன. எட்டாவது பூ அன்று மாலையே காணாமல் போனது. மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் பரமலிங்கத்தின் பூத்தட்டில், நூலோடு கிடந்தது.

"ஐயா, அந்தப் பூவ ஏங்க பறிச்சீங்க?"

"நூல் கட்டிக் கிடந்தது, பிள்ளை. ஆரோ நேர்த்தி வைச்சுக் கட்டியிருக்கினம் எண்டு நினைச்சன். அதுதான் சாமிக்கே வைப்பம் எண்டு..."

"விதைக்குங்க. விதைக்குக் கட்டியிருந்தேன்."

"தடி வெட்டி நட்டால் வளருமே?"

"தடி நட்டா அதே பூதாங்க வரும். எனக்கு வேற பூ வேணும்."

பரமலிங்கம் தட்டைப் பார்த்தார். "இந்தப் பூவுக்கு என்ன குறை?"

பதில் சொன்னால் மரியாதை கெட்டுவிடும் என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதாவது பிடித்தது. பச்சை மொட்டுப்போல் காய் பருத்தது. தினமும் வேலைக்குப் போகுமுன் தொட்டுப் பார்த்தாள். ஐந்தாம் வாரம் ஒரு மாலை வந்தபோது மதில் மொட்டையாக நின்றது. அவள் கணவன் றுஷாந்தன் வெள்ளையடிப்பதற்காகக் கிளைகளையெல்லாம் வெட்டிக் குவித்திருந்தான்.

"காய் இருந்துச்சே! நூல் கட்டியிருந்தேனே!"

"சத்தியமா பாக்கலடி."

"அஞ்சு வாரமா சொல்லிக்கிட்டிருக்கேன். உன் காதுல என்ன இருக்கு?"

குவியலைக் கிளறிக் கிளறி அந்தக் கிளையைத் தேடி எடுத்தாள். காய் உதிரவில்லை. சத்தம் கேட்டுப் பரமலிங்கம் மதிலருகே வந்தார்.

"கொப்பைத் தண்ணியில வைச்சுப் பாரும், பிள்ளை. சிலவேளை முத்தும்."

யோசனை நல்லதாக இருந்தது. அது அவரிடமிருந்து வந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். ஆனாலும் வைத்தாள். குசினியில் அடுப்போர ஜன்னலில் போத்தலுக்குள் நின்ற கிளைக்கு றுஷாந்தனே தினம் தண்ணீர் மாற்றினான். அவள் அவனோடு நான்கு நாள் பேசவில்லை.

பதினெட்டாம் நாள் காய் பழுப்பாகி வெடித்தது. ஒன்பது விதைகளில் ஆறு வெறும் சக்கை. மூன்றை ஊறவைத்து நட்டாள். ஒன்றுதான் முளைத்தது.

பதினான்கு மாதம் கழித்து முதல் மொட்டு வந்தது. அது விரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் பஸ் ஏறிப் போன பிறகு. மாலை வந்தபோது பூ சுருண்டிருந்தது.

"என்ன கலரு?" என்றாள்.

றுஷாந்தன் சுருண்ட பூவைக் குனிந்து பார்த்தான். "ஒரு மாதிரி... ஆரஞ்சு. இல்ல, அதுவும் இல்ல."

"போட்டோ எடுத்தியா?"

அவன் தலையைச் சொறிந்தான். கையிலிருந்த சாப்பாட்டுப் பையை அவள் மேசையில் ஓங்கி வைத்தாள்.

அடுத்த மொட்டுக்குப் பன்னிரண்டு நாள் காத்திருந்தாள். அன்று ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. முக்காலி போட்டுச் செடியின் முன்னே உட்கார்ந்தாள். எட்டரைக்கு இதழ்கள் பிரிந்தன. ஓரத்தில் வெளிர் மஞ்சள், உள்ளே செங்கல் நிறம், அடியில் கருஞ்சிவப்பு. ஒரு இதழ் கோணலாக இருந்தது.

"நான் சொன்னது சரிதானே?" என்றான் றுஷாந்தன், பின்னால் நின்று.

"ஒரு மண்ணும் சரியில்ல," என்றாள் அவள், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "போய்த் தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வா."