சனிக்கிழமைக்கு ஒரு பிராசசர்

அறவாழியின் வீட்டில் ஆறு தடவை தூங்கி எழுந்தும் வியாழக்கிழமை முடியவில்லை. பிராசசர் பழசு. வேறொன்றுமில்லை.

அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தந்த வீட்டுக் கம்ப்யூட்டர்தான் கிழமையை ஓட்டும். மாடிவீட்டு சபாபதி போன மாதம் இருப்பதிலேயே வேகமானதை வாங்கிப் போட்டார். அவர் வீட்டில் அடுத்த வருடத் தீபாவளியே முடிந்துவிட்டது. படியிறங்கி வந்து பலகாரம் கொடுத்து, வருகிற ஐப்பசியில் மழை அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், தலை முழுக்க நரைத்திருந்தது.

அறவாழிக்கு நரையைப் பற்றிக் கவலையில்லை. சனிக்கிழமைதான் கவலை. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் இன்பா சனிக்கிழமை வருவதாகச் சொல்லி, பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர்கள் வீட்டில் சனிக்கிழமை பிறந்தால்தான் அவளால் பஸ் ஏற முடியும். ஞாயிறு சாயங்காலமே திரும்பிவிடுவாள். எட்டு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த லீவு அவ்வளவுதான்.

புதுசு வாங்காததற்குக் காரணம் ஒரு நோட்டு. பதினோரு வருடமாக அறவாழி அதில் பிராசசர்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். விலை, வேகம், சூடு, கரண்ட் என்று கட்டம் போட்டு, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வேகம் என்று வகுத்துப் பார்ப்பார். விடை வருவதற்குள் புது மாடல் வந்துவிடும். நாற்பது பக்க நோட்டுதான். ஆனாலும் பக்கம் தீரவில்லை.

என்னையும் இப்படித்தான் கட்டம் போட்டுப் பார்த்தீர்களா என்று மனைவி தேன்மொழி ஒருமுறை கேட்டாள். அவர் மத்தியானம் முழுக்க யோசித்துவிட்டு, அப்போது நோட்டு வாங்கியிருக்கவில்லை என்றார். அந்த மத்தியானம் இரண்டு நாள் நீடித்தது.

ஏழாவது தடவை எழுந்ததும் தேன்மொழி நோட்டைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “கிளம்புங்க” என்றாள். பழைய பிராசசரைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். அதனால் வீட்டில் அப்போது கிழமையே இல்லை.

கடை பாலக்கரையில் இருந்தது. அகலம் மூன்றடி. நீளம் விலையைப் பொறுத்தது. விலை குறைந்தவை வாசலிலேயே கிடந்தன. அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கடை பத்தடி நீண்டது. கடைக்காரர் ரஹ்மத்துல்லா பாய் சைக்கிளில் கூடவே வந்தார்.

வேகத்தை டீயில் காட்டுவது அந்தக் கடையின் வழக்கம். வாசலில் ஒன்பதாயிரம் ரூபாய் பிராசசரை மாட்டி டீ சொன்னார். பால் பொங்குவதற்குள் அறவாழி நாலு பக்கம் எழுதிவிட்டார். நடையாய் நடந்து நாற்பத்திரண்டாயிரத்திடம் போனார்கள். தேன்மொழிக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. பாய் அதை மாட்டினார். டீ வந்தது, குடித்தார்கள், கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. நாக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் இனிப்பு.

அறவாழி வகுத்துப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக விடை வந்தது. மனுஷனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

தேன்மொழி வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “குடிச்ச மாதிரியே இல்லையே” என்றாள்.

வேகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் பாய்.

“சனிக்கிழமை?”

“உடனே வந்துடும்மா.”

“வந்ததுக்கு அப்புறம்?”

பாய் சைக்கிள் மணியைத் துடைத்தார். அந்தக் கட்டத்தை இதுவரை யாரும் போட்டதில்லை.

மகள் வந்து, சாப்பிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போவதை அறவாழி நினைத்துப் பார்த்தார். நாக்கு நுனியில் இனிப்பு மட்டும் இருந்தது.

பாய் பில் போட்டார். பழசைக் கொடுத்தால் ஆயிரத்து ஐந்நூறு தள்ளுபடி என்றார். தள்ளுபடி என்றதும் கைக்குட்டையோடு அறவாழியின் கை தானாக நீண்டது. தேன்மொழி அந்தக் கையைக் கிள்ளினாள். முப்பது வருடமாக வாங்கும் கிள்ளு, அர்த்தம் புரியாமல் போகுமா.

“பழசு எங்களுக்கு வேணும் பாய்” என்றார்.

“அது குப்பை சார்.”

“குப்பைதான்.”

வீட்டுக்கு வந்து புதுசை மாட்டினார். சூடு தணிய அதற்குத் தடவும் பேஸ்ட் தீர்ந்திருந்ததால் பல் தேய்க்கும் பேஸ்டைத் தடவினார். வியாழன் பட்டென்று முடிந்தது. தேன்மொழி வெள்ளிக்கிழமை விளக்கேற்றத் தீக்குச்சி கிழித்தாள். அது எரிந்து முடிவதற்குள் வெள்ளிக்கிழமையும் முடிந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. இன்பா பையோடு நின்றாள். அவள் “அப்பா” என்று சொல்லி முடிப்பதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டது.

அறவாழி விழுந்தடித்து ஓடினார். மேசைக்கு அடியில் படுத்து, புதுசைப் பிடுங்கி, பழசைச் செருகினார். கட்டைவிரல் சுட்டுவிட்டது. ஃபேன் பழைய இருமலோடு, முன்னைவிட மெதுவாகச் சுற்றியது. மணி பதினொன்றே காலில் உட்கார்ந்துகொண்டது.

இன்பா சாப்பிட்டாள். தூங்கினாள். எழுந்து குளித்து மறுபடியும் சாப்பிட்டாள். அப்பாவோடு சீட்டாடி ஒன்பது ஆட்டம் தோற்றாள். அம்மாவுக்குத் தலைச்சாயம் பூசிவிட்டாள். பதினாலு தடவை தூங்கி எழுந்தும் சனிக்கிழமைதான். பன்னிரண்டு அடிக்க இன்னும் நேரமிருந்தது. புது பிராசசர் கடுகு டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது.

பதினைந்தாவது தடவை எழுந்தவள், சட்னிக்கு நானே தாளிக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். தடுப்பதற்குள் டப்பாவைத் திறந்துவிட்டாள். ஓசூரில் அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கடுகு எது, பிராசசர் எது என்று தெரியும். அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் இருமும் ஃபேனைப் பார்த்தாள். பிறகு இருவரையும் பார்த்தாள். தேன்மொழி முந்தானையைத் திருகினாள்.

“எவ்வளவுப்பா இது?”

“நாப்பத்திரண்டாயிரம்மா.”

“நல்லா ஓடுமே.”

“ரொம்ப நல்லா ஓடும்” என்றார் அறவாழி.

இன்பா ஒரு சிட்டிகை கடுகை மட்டும் எடுத்துக்கொண்டாள். பிராசசரை டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடியை இறுக்கினாள். ஸ்டூலில் ஏறி, யாருக்கும் எட்டாத மேல்தட்டில் உள்ளே தள்ளி வைத்தாள்.

“அம்மா, மத்தியானத்துக்கு என்ன குழம்பு?” என்று கேட்டாள்.