கிழிசல் உட்பட நாற்பது வாஷர்

எண்பத்திரண்டில் ஆம்பூரிலேயே ‘கப்பல் உதிரி பாகங்கள்’ என்று போர்டு மாட்டிய ஒரே ஆள் நான்தான். அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மச்சானின் ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் சரக்கைச் சரிபார்க்கும் செக்கராக இருந்துவிட்டு, தோலில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திமிரில் வெளியே வந்திருந்தேன். முதல் ஆர்டர் கெட்டால் மறுபடி மச்சான் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அந்த முதல் ஆர்டர், நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றுக்குச் சாமான் ஏற்றிப்போகும் ஒரு கப்பலுடையது. அதன் பம்பு கசியாமல் இருக்க நாற்பது தோல் வாஷர் வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து சாம்பிள் வந்தது. எங்கள் ஊரில் சாம்பிளுக்கு மறுபேச்சு கிடையாது. வெளிநாட்டுக்காரன் அனுப்பிய ஷூவில் தையல் கோணலாக இருந்தால் நாங்களும் கோணலாகவே தைப்போம். நேராகத் தைத்தால் ரிஜெக்ட்.

என்னிடம் தோல் வெட்டும் மஹ்பூபி சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பாய், ஒரு பக்கம் தேஞ்சி கீது. ஓரத்துல கிழிஞ்சும் கீது. அதையுமா செய்யணும்?”

“மூளைய ஓரமா வெச்சிட்டு, சாம்பிளப் பாத்து வெட்டு” என்றேன்.

வெட்டினாள். நாற்பதிலும் அதே தேய்மானம், அதே கிழிசல். அளந்து பார்த்தேன்; எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மெட்ராஸ் துறைமுகத்துக்கு நானே கொண்டுபோனேன். கப்பல் என்ஜினியர் வில்சன் ஒன்றை எடுத்துப் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார், ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார். சாயங்காலம் கப்பல் கிளம்ப வேண்டும். பம்பு பிரித்துப் போட்டபடி கிடந்தது.

“தேஞ்சி போனதாலதானே புதுசு கேட்டோம்? உங்க எடத்துல ஒருத்தருக்கும் தோணலையா?”

“வேல செய்ற மஹ்பூபிக்குத் தோணிச்சி சார்.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் என் காலைப் பார்த்தார். கப்பலுக்குப் போகிறோமே என்று கெட்டித் தோல் அடி வைத்த புது ஷூ போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

“கழட்டுங்க.”

இந்தப் பயணத்துக்கு இரண்டு வாஷர் போதுமாம். அவர் அளவு சொல்லச் சொல்ல, என் ஷூவின் அடித்தோலை நானே அறுத்தேன். இரண்டையும் அவர் பம்பில் மாட்டினார். பம்பு ஓடியது.

இறங்கும்போது வில்சன் அடுத்த ஆர்டரை நீட்டினார். மேலே என் பெயர் இல்லை. ‘மஹ்பூபி, ஆம்பூர்’ என்று எழுதியிருந்தது.

“அவங்க செய்யட்டும். நீங்க கொண்டாந்து குடுத்தா போதும்.”

வெறுங்காலோடு ரயில் ஏறினேன். மறுநாள் காகிதத்தை அவளிடம் நீட்டி, “இது எப்டி செய்யலாம், நீ சொல்லு” என்றேன். தோல் தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் வேலை செய்கிற ஒருவரிடம் நான் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.