அப்பா வீடு சேரும் நேரம்

ஃபிரிட்ஜ் கதவில் என் மனைவி ஒட்டியிருந்த தாளில் மூன்று புறநகர்கள் இருந்தன. அவற்றுக்கு வீட்டில் நாங்களே பெயர் வைத்திருந்தோம்: ஏரிப்பக்கம், பாலத்துப்பக்கம், புது லைன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மழைத்தண்ணீர் நிற்குமா, வாடகை என்று நான்கு. ஐந்தாவது கட்டத்தின் தலைப்பை மட்டும் அவள் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். 'அப்பா வீடு சேரும் நேரம்.'

காலையில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கோடுகள் கண்ணில் படும். பாலை எடுத்துக்கொண்டு சட்டென்று நகர்ந்துவிடுவேன்.

நான் தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை செய்கிறேன். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். குழாயில் காற்றுதான் வருகிறது, தெருவில் குழாய் உடைந்து ஓடுகிறது, போன வாரம் சொன்னதற்கே இன்னும் ஆள் வரவில்லை என்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு வேலை முடியும். ஏழு மணிக்கு வீட்டு வாசலில் நிற்பேன். இரண்டு மணி நேரப் பயணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

உண்மையில் அது எழுபது நிமிடப் பயணம். மீதி ஐம்பது நிமிடங்களும் எங்கள் ரயில் நிலையத்தின் இரண்டாம் நடைமேடையில், டீக்கடைக்குப் பக்கத்து பெஞ்சில் கழிந்தன. அங்கே நான் எதுவும் படிப்பதில்லை. யாருடனும் பேசுவதில்லை. போனைக்கூட எடுப்பதில்லை. குடி, சீட்டு என்று ஏதாவது கெட்ட பழக்கம் இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு பெயர் இருந்திருக்கும். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் நிஜமாகவே, வண்டி மாறும் ஜங்ஷனில் அடுத்த வண்டி தவறிவிட்டது. தாமதமாகப் போய் நின்றபோது, "பாவம், முகமே வாடிப் போச்சு," என்று மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் வண்டி தவறவில்லை. ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஜங்ஷனில் வண்டி லேட் என்று சொன்னேன். மூன்றாம் நாள் அவள் கேட்கவே இல்லை.

அநியாயத்தைக் கண்டு சும்மா இருப்பவள் அல்ல என் மனைவி. ரயில்வேக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதிப் போட்டாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. குறிப்பிட்ட இணைப்பு வண்டி மூன்று நிமிடத்துக்கு மேல் தாமதமானதாகப் பதிவு இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

"பொய் சொல்றதுக்கு லெட்டர்ஹெட் வேற அடிச்சு வச்சிருக்காங்க பாருங்க," என்றாள்.

வருந்துகிறோம் என்று நானும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறவன்தான். அந்த இரண்டு வருடத்தில் என் பயணத்தைப் பற்றி எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரே உண்மை அந்தக் கடிதம்.

அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பதினோரு வருடமாக ஒரே பள்ளியில், ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். அந்த அறையின் கதவு நிலையில், வந்து போன குழந்தைகளின் உயரங்களைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். எங்கள் மகளின் கோடும் அதில் இருக்கிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் ஏழு நிமிட நடை. வீடு மாற்றும் யோசனை இந்த ஏழு நிமிடத்திலிருந்துதான் கிளம்பியது.

"நான் செருப்பு தேயாம வீட்டுக்கு வந்துடறேன். நீங்க ரெண்டு மணி நேரம் நசுங்கி வர்றீங்க. இதுல என்ன நியாயம் இருக்கு?"

"எனக்குப் பழகிப்போச்சு," என்றேன். நான் சொன்னதிலேயே வெட்கங்கெட்ட வார்த்தை அதுதான். என்னைத் தியாகியாக்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிப்பக்கம் போய் ஒரு வீடு பார்த்தோம். இரண்டாம் மாடி. சின்ன அறைகள், பெரிய ஜன்னல்கள். தரகர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே பேசினார்.

"இங்கேருந்து சார் ஆபீஸ் முப்பத்தஞ்சு நிமிஷம் மேடம். சட்டையில இஸ்திரி கலையாம வீடு வந்துடுவாரு."

"இப்ப ரெண்டு மணி நேரங்க. ஆனா வாய் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டாரு."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா? வீட்டை விடுங்க மேடம், சாரையே வாடகைக்கு விடலாம் போலிருக்கே."

அவள் சிரித்தாள். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. அதைப் பரிசோதிக்கிறவனைப் போல வெகுநேரம் நின்றேன்.

அந்த வீட்டிலிருந்து, அவளுக்கு மாறுதல் கிடைக்கக்கூடிய பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தரகர் அதை மெல்ல இழுத்தபோது, "அதனால என்ன, இவ்வளவு நாள் இவர் பட்டாரு, இனி நான் கொஞ்சம் படறேன்," என்றாள். பணிமாறுதல் விண்ணப்பத்தை அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமைக்குள் தலைமையாசிரியையிடம் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் அந்த அறை வேறு ஒருவருக்குப் போய்விடும். கேட்டாலும் திரும்பக் கிடைக்காது.

அன்றே சொல்லியிருக்கலாம். திரும்பி வரும் வண்டியில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என்னைப் பிடித்தது கடிகாரம். எங்கள் மகளுக்கு நான் வைத்த பெயர் அது. பத்து வயது. பல் தேய்க்க எத்தனை விநாடி, முட்டை வேக எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுவாள். பிறந்தநாளுக்கு ஸ்டாப்வாட்ச் கேட்டு வாங்கிக்கொண்டவள். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று தாளைப் படித்துவிட்டு அவள் சொன்னாள்:

"ஏரிப்பக்கம் முப்பத்தஞ்சு நிமிஷம்னு தரகர் அங்கிள் சொன்னாரு. இங்க ரெண்டு மணி நேரம்னு அப்பா சொல்றாங்க. ரெண்டையும் யாருமே அளக்கலையே."

"அப்பா தினமும் வர்றாங்களேடி," என்றாள் அவள் அம்மா.

"அளக்காம எழுதினா அது கணக்கு இல்ல, வதந்தி. நீதானே கிளாஸ்ல சொல்வே?"

"சொன்னதை எனக்கே திருப்புது பாரு. சனிக்கிழமை ரெண்டு பேரும் போய் அளந்துட்டு வாங்களேன், அவளுக்கும் ஒரு ஆசை."

"சனிக்கிழமை கூட்டம் இருக்காது. கணக்கு தப்பா வரும்," என்றேன்.

"கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் சேத்துக்கலாம்பா," என்றாள் கடிகாரம்.

சனிக்கிழமை மாலை சரியாக ஐந்து மணிக்கு, பூட்டியிருந்த என் அலுவலக வாசலில் அவள் பொத்தானை அழுத்தினாள். நான் அன்றைக்கு லேஸ் வைத்த ஷூ போட்டிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. காலையிலேயே அலமாரியில் தேடி எடுத்து வைத்தேன். நிலையத்துக்கு வரும் வழியில் ஒரு தடவை லேஸ் அவிழ்ந்தது. படிக்கட்டில் மறுபடி அவிழ்ந்தது.

"ஓடினா பிடிச்சிடலாம்பா."

"ஓடக் கூடாது. ஆபத்து."

ஐந்து பன்னிரண்டு வண்டி எங்கள் கண்ணெதிரே போனது. கடிகாரம் நோட்டில் குறித்துக்கொண்டாள். அடுத்தது ஐந்து இருபத்தேழு.

ஜங்ஷனில் இறங்கியதும் சுற்றிப் பார்த்தாள். "இங்கதானே வழக்கமா வண்டி விடுவீங்க?"

எதிர் நடைமேடையில் எங்கள் வண்டி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

"நிக்குதே," என்றாள்.

தாகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் கடைப்பக்கம் போனேன். தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி, மறுபடி எண்ணினேன். திரும்பிப் பார்த்தால், அவள் ஒரு காலைப் பெட்டிக்குள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"வாங்கப்பா. உங்களுக்காக நிறுத்தி வச்சிருக்கேன்."

எங்கள் நிலையத்தில் இறங்கியபோது மணி ஆறேகால். ஒரு வண்டியை விட்ட பிறகும் அவ்வளவுதான். "இன்னிக்கு நமக்கு அதிர்ஷ்டம்பா," என்றாள். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில்தான் நிறுத்துவாளாம்.

நான் அவளைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு அழைத்தேன். "அது சுத்துப்பா," என்று சொல்லி அவள் நேராக டீக்கடைப் பக்கம் நடந்தாள்.

டீக்கடைக்காரம்மா அடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், லீவு நாள்லயும் டியூட்டிக்கு வந்துட்டீங்க?"

நான் தலையை ஆட்டிவிட்டு நகரப் பார்த்தேன்.

"உங்க சீட்டு காலியாத்தான் இருக்கு. இப்பதான் ஒருத்தர் உக்கார வந்தாரு, இது சாரோட இடம்னு விரட்டி விட்டேன். யாரு, பொண்ணா? உரிச்சு வச்ச மாதிரி இருக்கே. பாப்பாவுக்குப் பால் தரட்டுமா? உங்களுக்கு வழக்கம்போல இப்ப ஒண்ணு, அரை மணி கழிச்சு ஒண்ணா?"

கடிகாரம் என்னைப் பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள். போய் அதன் ஓரத்தில், எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

"எவ்வளவு நேரம்பா?"

"அம்பது நிமிஷம்."

"தினமுமா?"

"ம்."

ஒரு வண்டி வந்து போனது. இறங்கியவர்கள் எல்லோரும் வேகமாக வீட்டுக்குப் போனார்கள்.

"நான் ரொம்பப் பேசறேனாப்பா?"

இல்லை என்றேன். நாள் முழுக்க நூறு பேர் காதில் கத்துகிறார்கள், கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும்போல இருந்தது, அதற்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, நூற்றியோராவது ஆளாக நான் யாரை நினைத்திருந்தேன் என்று. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மடியிலிருந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா. விட்ட வண்டிக்குப் பதினஞ்சு இருக்கு. கூட்டத்துக்குப் பத்து. ஜங்ஷன்ல இருபத்தஞ்சுன்னு போட்டுக்கலாம். ரெண்டு மணி வந்துடும்." குரலைத் தாழ்த்தினாள். "நான் எழுதிடறேன். அம்மாவுக்குத் தெரியாது."

அளக்காமல் எழுதினால் வதந்தி என்ற பிள்ளை. அவள் பென்சிலை எடுத்துவிட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நோட்டை வாங்கி நானே எழுதினேன். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு எழுபது நிமிடம். ஜங்ஷனில் தாமதம் இல்லை. பெஞ்ச், ஐம்பது நிமிடம்.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேசையில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள். "என்ன வந்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் நோட்டை அவள் முன்னால் வைத்தேன். கடிகாரம் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தாமலே உள்ளே போய்விட்டாள்.

மனைவி ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது என்ன பெஞ்ச்?"

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன், லேஸ் உட்பட. அவள் குறுக்கே பேசவில்லை.

"ரயில்வேக்காரங்களுக்கு நான் ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதணும்," என்றாள்.

நான் தலை குனிந்திருந்தேன்.

"எனக்கு ஏழு நிமிஷம். ஸ்கூல் கேட்லேருந்து இந்த வாசல் வரைக்கும். அதுலயும் இவ கூட வருவா. நானும் முப்பது பிள்ளைங்க கத்தறதைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். வழியில எனக்கு ஒரு பெஞ்சும் இல்ல."

எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளை எடுத்தாள். கிழிக்கவில்லை. நான்காக மடித்து, விண்ணப்பத்தோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஞாயிறு முழுக்க என்னிடம் உப்பு, சாவி, துண்டு என்று தேவைக்கு மட்டும் பேசினாள்.

திங்கட்கிழமை ஐந்து பன்னிரண்டு வண்டியைப் பிடித்தேன். பெஞ்சைப் பார்க்காமல் நடந்தேன். ஆறு பத்துக்கு வாசலில் நின்றபோது, மனைவி தோளில் பையோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஃபாரம் குடுத்துட்டியா?"

"குடுக்கல."

"எங்க கிளம்பிட்டே?"

"ஏழு மணிக்கு வந்துடுவேன். ஜங்ஷன்ல வண்டி லேட்டுன்னு வச்சுக்கங்க."

அவள் படியிறங்கிப் போனாள். எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று எட்டிப் பார்க்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

கடிகாரம் என் எதிரே உட்கார்ந்து, வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். காந்தம், இரும்புத் தூள், ஒருத்தி மூக்கில் ஒட்டிக்கொண்டு வந்த இரும்புத் தூள், அதற்கு டீச்சர் சிரித்தது. வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னாள், எதையோ சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதுபோல. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதினோராவது நிமிடத்தில் என் கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

அவள் பார்த்துவிட்டாள்.

"மீதிய அப்புறமா சொல்லட்டுமாப்பா?"

"இல்லம்மா," என்றேன். "இரும்புத் தூள்ல விட்டே. சொல்லு."