பொட்டலத்தில் போட்டிருந்த உப்பு

என் அண்ணி ஆர்டிஸ் படிக்காத புத்தகம் நிறைய உண்டு. படிக்காத பொட்டலம் கிடையாது. கடைக்கு அவளோடு போனால் தொலைந்தோம். சூப் டப்பாவை எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வரி விடாமல் படிப்பாள். பின்னால் வண்டியோடு நிற்பவர்களுக்கு அதற்குள் ஒரு வயது கூடிவிடும்.

இந்த வியாதி அவளுக்குப் போன இலையுதிர் காலத்தில் பிடித்தது. அப்போதுதான் என் அண்ணன் ஹார்லனின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது என்று சொன்னார்கள். நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும். அடுத்த கோடை வரை அந்த வால்வு தாங்காது. ஆனால் உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. கால் வீக்கம் வடிந்தால்தான் கத்தி வைப்போம் என்றார் அறுவை மருத்துவர். வீக்கம் வடிய உப்பைக் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் மில்லிகிராம் சோடியம், அவ்வளவுதான்.

"அப்ப சாசேஜ்?" என்று கேட்டான் ஹார்லன்.

அமெரிக்காவில் சாசேஜுக்கே பேர்போன ஷெபாய்கனில் பிறந்து, இங்கேயே பன்றிக்கறியை உப்பும் மசாலாவும் சேர்த்துக் குழலாக அடைக்கும் சாசேஜ் ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் வேறு என்ன கேட்பான்? உணவு ஆலோசகர் கேமில் சிரித்தாள். அரிசோனாவிலிருந்து புதிதாக வந்த பெண். நல்ல மாதிரி.

"முழுசா விடச் சொன்னா நீங்க கேக்கப் போறதில்ல. பொட்டலத்துல ஒரு வேளைக்கு என்ன அளவு போட்டிருக்கோ அதை மட்டும் சாப்பிடுங்க. உப்புக் கணக்குல மறக்காம சேருங்க" என்றாள்.

அவ்வளவுதான், ஆர்டிஸுக்குப் பதவி கிடைத்துவிட்டது. உப்புக் குப்பி வீட்டை விட்டு வெளியேறியது. ஊறுகாய், சீஸ், டப்பா சூப் எல்லாம் பின்னாலேயே போயின. வெண்ணெய்கூட உப்பில்லாத வெண்ணெய். அதற்குச் சுவரொட்டி ஒட்டும் பசையின் ருசி. மத்தியானம் ஹார்லன் கொட்டும் பனியில் கரி அடுப்பை மூட்டி சாசேஜ் சுடுவான். ஆர்டிஸ் மொறுமொறு ரொட்டியில் வைத்து சாண்ட்விச் செய்வாள். மேஜையில் வைத்ததும் பாதிரியார் ஜெபம் சொல்வதுபோல் கணக்குச் சொல்வாள்.

"சாசேஜ் எழுநூத்தம்பது. ரொட்டி நானூறு. ராத்திரிக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கு, ஹார்லன். பாரு, எவ்வளவு சுலபம்."

அடுத்த வீட்டுக்காரனான நானும் அந்த மேஜையில்தான் தின்றேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

ஆனால் கால் மட்டும் கணக்குக்கு மசியவில்லை. பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டே போயிற்று. மூன்று முறை தேதி குறித்தார்கள், மூன்று முறையும் தள்ளிப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் என் காரில் வீடு திரும்பும் வழியெல்லாம் ஆர்டிஸ் அழுவாள். ஹார்லன் ஏரியில் பனிக்கட்டி எவ்வளவு தடிமன், மீன் கடிக்கிறதா என்று பேசிக்கொண்டு வருவான். என்ன தைரியம் இவனுக்கு என்று நான் வியந்துகொள்வேன். வியக்கிற அளவுக்குத்தான் எனக்கு மூளை.

மூன்றாவது முறை அறுவை மருத்துவர் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். "வீட்ல இவர் திருட்டுத்தனமா ஏதாவது சாப்பிடுறாரா?"

ஆர்டிஸுக்கு முகம் பீட்ரூட் நிறமாயிற்று. "என் சமையலறையில என் கண்ணுக்குத் தப்பி ஒரு கல் உப்பு உள்ள வராது, டாக்டர்."

அடுத்த வாரம் ஹார்லனையும் என்னையும் கூட்டிக்கொண்டு சாட்சியோடு போனாள். ஒரு கையில் சாசேஜ் பொட்டலம். இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய, அன்றைக்குச் சுட்ட சாண்ட்விச். இரண்டையும் கேமிலின் மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"பிரிச்சுப் பாரும்மா. இதுதான் இவர் திங்கிறது. இதுக்கு மேல ஒரு துணுக்கு கிடையாது."

கேமில் காகிதத்தைப் பிரித்தாள். ரொட்டியின் மேல்பாதியைத் தூக்கினாள். பொட்டலத்தைத் திருப்பிப் படித்தாள். மறுபடி ரொட்டிக்குள் பார்த்தாள்.

"இதுல ரெண்டு இருக்கே."

"என்ன ரெண்டு?"

"சாசேஜ்."

தண்ணீர் ஈரமாக இருக்கிறதே என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் ஆர்டிஸ் அவளைப் பார்த்தாள். "சாண்ட்விச்சுன்னா ரெண்டுதானேம்மா இருக்கும்?"

"பொட்டலத்துல ஒரு வேளைக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"ஆமா. ஒரு சாண்ட்விச்."

கேமில் என் பக்கம் திரும்பினாள். "இந்த ஊர்ல எல்லாருமே இப்படித்தானா?"

"ஒண்ணு மட்டும் வெச்சுக் குடுத்தா, பாவம், வீட்ல என்ன கஷ்டமோன்னு நினைப்பாங்க" என்றேன்.

பொய்யில்லை. தேவாலயத் திடலானாலும் தீயணைப்பு நிலைய விருந்தானாலும் ஒரு ரொட்டிக்குள் இரண்டு சாசேஜ் அக்கம்பக்கமாகப் படுத்திருக்கும். ஒன்று போதும் என்பவன் வெளியூர்க்காரன், அல்லது பல் முளைக்காதவன். சாசேஜைத் தனியாக எண்ணும் கெட்ட பழக்கம் எங்களுக்கு இல்லை. இத்தனைக்கும் பொட்டலத்தில் ஐந்து வேளைக்கு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. ஐந்தே சாசேஜ் உள்ள அந்தப் பொட்டலத்தை ஹார்லனுக்கு மட்டும் ஆர்டிஸ் வாரம் மூன்று வாங்கினாள். பொட்டலம் படிப்பதில் இந்த மாவட்டத்திலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவள் உதடு அசைந்தது. எழுநூற்று ஐம்பதும் எழுநூற்று ஐம்பதும் ஆயிரத்து ஐந்நூறு. ரொட்டியோடு ஆயிரத்துத் தொள்ளாயிரம். காலை, இரவுச் சாப்பாடு அதற்கு மேல். நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"நானா? இவ்வளவு நாளும் நானே என் கையால..."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. என் வாய்க்கும் அன்றைக்குக் கிண்டல் வரவில்லை, பாவமாக இருந்தது.

"நீ இல்ல, ஆர்டிஸ்" என்றான் ஹார்லன், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒண்ணுன்னா ஒரு சாசேஜ்தான்னு. அந்தப் பொட்டலத்தை எத்தனை லட்சம் கட்டியிருப்பேன். நீ முதல் நாள் கணக்குச் சொன்னப்பவே தெரியும்."

"அப்புறம் வாயில என்னத்தை வெச்சிருந்தே?" என்று நான் கத்திவிட்டேன்.

"கால் வீங்கினா தேதி தள்ளிப்போவுது" என்றான். "நெஞ்செலும்பை ரம்பத்தால அறுப்பாங்களாம். படம் போட்ட புஸ்தகம் குடுத்தாங்க. நான் மறுபடி முழிக்கலன்னா? எனக்குப் பயமா இருக்கு, ஆர்டிஸ்."

கேமில் பேனாவைக் கீழே வைத்தாள். ஆர்டிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்றதுக்கு என்ன? எனக்கு மட்டும் ராத்திரியெல்லாம் தூக்கமா வந்துச்சு?" பிறகு கேமிலிடம், "இனிமே இவருக்கு சாசேஜே கிடையாதும்மா" என்றாள். ஹார்லனிடம், "டாக்டர்கிட்ட தேதி கேட்டு வாங்குவோம், வா."

"ஒண்ணாவது..." என்றான் ஹார்லன்.

"மூச்சு விடாதே."

அவன் கையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடத்திப் போனாள். செருப்புக்குள் நுழையாத காலை இழுத்து இழுத்து அவன் அவளோடு போனான்.

சாண்ட்விச் மேஜையில் கிடந்தது. நல்ல சாசேஜைக் குப்பையில் போட எங்களுக்கு மனசு வராது. அதை எடுத்துக்கொண்டு வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கடி கடித்தேன். ஹார்லன் சுட்டது, கரி வாசனையோடு அருமையாகத்தான் இருந்தது. அவன் கண் விழிக்காவிட்டால் மத்தியானம் அவர்கள் வீட்டு மேஜையில் ஆர்டிஸும் நானும் மட்டும் உட்கார்ந்திருப்போம் என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. மீதியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.