பச்சையங்கியின் முகம்

பத்து வயதில் ஹைருன் பீவி அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரில் ஒரு முகம் வரைந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னத்தின் முகம். தெத்துப்பல் வரைக்கும் அப்படியே இருந்தது. அவளுடைய வாப்பா கிதிர் முகம்மது தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். அடிக்கவில்லை. ஈரத்துணியால் தாமே அதைத் துடைத்தார்.

"உசுருள்ள முகத்த வரைஞ்சா, மறுமையில இதுக்கு உசுரு குடுன்னு அல்லா கேப்பான். குடுத்துருவியா?"

பகலில் நெசவு, மாலையில் தெருப்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பது என்று இருந்தவர் அவர். குரல் உயரவே இல்லை. அதனாலோ என்னவோ, அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை.

பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது. தென்காசியில் அவர்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். மச்சில் ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு ஜன்னல். பாதி திறந்தால் இடி விழுந்து பிளந்து நிற்கும் கோவில் கோபுரமும், அதற்கு அந்தப்பக்கம் குற்றாலத்து மலையும் தெரியும். முழுசாகத் திறக்கக் கூடாது. ஏழு வருஷம் நூல் சுற்றியபடி அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மைல் தொலைவில் இருந்த அருவிக்கு இரண்டே தடவைதான் போயிருந்தாள்.

அண்ணன் ஹபீபுல்லா, வல்லிநாயகம் பிள்ளையின் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். அங்கிருந்து 'சிறுவர் சாரல்' என்று ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அவன் கொண்டுவரும் கழிவுத்தாள்களின் பின்பக்கத்தில் அவள் மலையும் பாறையும் மரமும் வரைவாள். ஒருநாள் அந்தப் பாறைமேல் ஒரு ஆள் வந்து நின்றான். உச்சி முதல் பாதம் வரை பச்சை அங்கி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முக்காட்டின் நிழல்.

பச்சை அவளுக்கு வாப்பாவின் பெயரிலிருந்து வந்தது. கிதிர் நபி உட்கார்ந்த தரை பச்சையாகும், தண்ணீர் உள்ள இடத்தில் வழிதவறியவர்களுக்கு முன்னால் வந்து நிற்பார் என்று உம்மா சுல்தான் பீவி சொல்லியிருந்தாள். இது அவர் இல்லை என்று ஹைருன் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த யாரோ ஒருவன், அவ்வளவுதான். முகம் வரையாதவரை உயிர் கேட்கமாட்டார்கள் என்பது அவளாகச் செய்துகொண்ட சமாதானம். அவனை வைத்துப் பின்னிய படக்கதையில் வரும் மற்றவர்களைக்கூட முதுகுப்பக்கமாகவோ தூரத்திலோதான் வரைந்தாள்.

ஹபீபுல்லா அந்தத் தாள்களை முதலாளியிடம் காட்டினான்.

"நீரா வரைஞ்சீரு?" என்று கேட்டார் வல்லிநாயகம் பிள்ளை.

தங்கை என்று சொன்னால் தெருவில் தலைகாட்ட முடியாது. "ஆமா மொதலாளி" என்றுவிட்டான். முதலாளியே 'பொதிகைச்செல்வன்' என்று ஒரு பெயரும் வைத்தார். 1961 தை மாதத்திலிருந்து பத்திரிகையில் பச்சையங்கி வரத் தொடங்கினான். அருவிக்குப் பின்னாலிருந்து வருவான். வெள்ளத்தில் போகும் மாட்டுவண்டியை ஒற்றைக் கையால் தூக்குவான். காட்டில் தேக்கு கடத்துகிறவர்களைக் கொடியால் கட்டிப்போட்டுவிட்டு, பெயர் சொல்லாமல் தண்ணீருக்குள் போய்விடுவான். வீரகேரளம்புதூரிலிருந்தும் இலத்தூரிலிருந்தும் பிள்ளைகளின் கடிதங்கள் வந்தன. எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்விதான். பச்சையங்கி யார்?

அடுத்த வருஷம் ஆனி மாதம் ஹபீபுல்லா மச்சுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தான்.

"ஹைருன், தீபாவளி மலர்ல முகத்தக் காட்டணுங்காரு மொதலாளி. பாண்டிய ராசா வம்சமாம். நெத்தியில திருநூறு வேணுமாம்."

"முகம் போடமாட்டேன், காக்கா" என்றாள் அண்ணனிடம்.

"அதோட முடியலட்டி. ஆடி மாசம் குற்றாலத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு விழா வைக்குதாரு. நான் மேடையில கரும்பலகையில வரைஞ்சு காட்டணுமாம். நோட்டீஸ் அடிச்சாச்சு. நாந்தான் எழுத்துக் கோத்தேன்."

"உண்மையச் சொல்லிரு."

"சொன்னா உன்னயத்தான் கேப்பாவ. வாப்பாட்ட யாரு சொல்லுதது?"

கீழே வாப்பாவின் தறி ஓடும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் அவள் அண்ணனுக்கு வரையப் பழக்கினாள். எழுத்துக்களைத் தலைகீழாகப் படிக்கிற அவன் கண்ணுக்கு ஒரு கோடு நேராக வரவில்லை.

விழாவன்று சாரல் விடாமல் தூவியது. அருவியில் குளிக்கப் போவதாக வாப்பாவிடம் சொல்லி உம்மா அவளையும் பஸ்ஸில் கூட்டிவந்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி, கண்கள் மட்டும் வெளியே. பள்ளிக்கூடக் கொட்டகையில் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நம்ம பொதிகைச்செல்வன் இப்ப பச்சையங்கியோட முகத்த உங்களுக்கு மட்டும் காட்டப் போறாரு!" என்று வல்லிநாயகம் பிள்ளை ஒலிபெருக்கியில் சொன்னார். இருநூறு பிள்ளைகள் கத்தினார்கள்.

ஹபீபுல்லா சாக்கட்டியுடன் பலகைமுன் நின்றான். ஒரு வட்டம் போட்டான். அது வட்டமாக இல்லை. தோள் என்று நினைத்து இரண்டு கோடு இழுத்தான். முன்வரிசையில் ஒருவன் சிரித்தான்; பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்தது. அண்ணனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்ததை ஹைருன் பார்த்தாள். எழுந்தாள். உம்மா கையைப் பிடித்தாள். "ஏட்டி, எங்கன போற? உக்காரு."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். மேடைப்படியில் துப்பட்டி தடுக்கியது. அண்ணன் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கினாள். அது ஈரமாக இருந்தது. அவன் போட்டதை அழித்துவிட்டு வரையத் தொடங்கினாள். பாறை. தண்ணீர். பாறைமேல் குனிந்த முதுகு, அங்கியின் மடிப்பு. சிரிப்பு நின்றது. ஒரு பிள்ளை, "பச்சையங்கி!" என்றது.

"யாரும்மா நீ?" என்றார் முதலாளி.

"என் தங்கச்சி, மொதலாளி" என்றான் ஹபீபுல்லா. "அவதான் வரையுதா. எப்பவும் அவதான். நான் இல்ல."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது.

அதற்குள் பிள்ளைகள் "முகம்! முகம்!" என்று தாளம்போடத் தொடங்கியிருந்தார்கள். சாக்கட்டி தலையருகே வந்து நின்றது. இருநூறு பேர் பின்னால் கேட்கிறார்கள். அவளுக்குள் ஒரே ஒரு குரல் கேட்கிறது. படியிறங்கி ஓடவும் முடியாது, கோட்டை இழுக்கவும் முடியாது. மூச்சு துப்பட்டிக்குள்ளேயே சுடச்சுடத் திரும்பியது. கடைசியில் இரண்டு கைகள் வரைந்தாள். தொழுகைக்கு முன் ஒளுச் செய்து முகம் கழுவுகிறவரைப்போல, தண்ணீரை அள்ளி முகத்தை மூடிய இரண்டு கைகள். சாக்கட்டியைப் பலகைக்கட்டையில் வைத்துவிட்டு இறங்கினாள். யாரும் கத்தவில்லை, யாரும் கைதட்டவுமில்லை.

செய்தி அவர்கள் பஸ்ஸுக்கு முன்னாலேயே தென்காசிக்கு வந்துவிட்டது. வாப்பா வாசல் நடையில் நின்றார்.

"முகம் போட்டியா?"

"இல்ல, வாப்பா."

"இனி வேண்டாம். சபையில போயி நின்னுட்டு வந்திருக்க. தெருவுல நான் என்ன சொல்லட்டும்?" அத்தனைதான். சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். அன்றிலிருந்து கழிவுத்தாள் வீட்டுக்கு வரவில்லை. ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் வந்தது.

மறுவாரம் முதலாளி ஹபீபுல்லாவிடம் சொல்லியனுப்பினார். முகம் வரைந்து தந்தால், பொதிகைச்செல்வனை எடுத்துவிட்டு ஹைருன் பீவி என்றே போடுவார். அண்ணன் அதைச் சொன்ன பிறகு மூன்று நாள் அவள் தூங்கவில்லை. தன் பெயர் ஈய எழுத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். வாப்பா வேண்டாம் என்றதை ஒருவேளை மீறிவிடலாம். அந்த முகத்தை மட்டும் அவளால் வரைய முடியவில்லை. கண்ணை மூடி நினைத்தாலும் அவனுக்கு ஒரு மூக்கோ வாயோ வரவில்லை.

"மாட்டேன்னு சொல்லிரு, காக்கா."

தீபாவளி மலர் வந்தது. அதில் மதுரையில் யாரோ வரைந்த முகம். அரும்புமீசை, நெற்றியில் திருநீறு, கீழே 'பாண்டிய இளவரசன்' என்று கொட்டை எழுத்து. அழகான முகம்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரோ தன் வீட்டுக்குள் குடிவந்து, தன்னை வெளியே நிற்க வைத்ததுபோல் இருந்தது.

கார்த்திகையில் ஹபீபுல்லா ஒரு கடிதத்தை மடித்துக் கொண்டுவந்தான். இலத்தூரிலிருந்து நாச்சியார் என்ற எட்டாம் வகுப்புப் பெண், குற்றாலம் விழாவுக்கு வந்தவள், எழுதியிருந்தாள்: "அன்னைக்கு மேடையில் வரைந்த அக்காவுக்கு. மலரில் வந்தவர் பச்சையங்கி இல்லை. முகம் தெரியாதபோது அது நானாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது முடியவில்லை. தை மாதத்தோடு என் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறார்கள்."

ஹைருன் அதை மூன்று தடவை படித்தாள். அண்ணனிடம் ஒரு தபால் கார்டு கேட்டு வாங்கி எழுதினாள்: "நீ நினைத்தது சரி. அவர் எனக்கும் முகம் காட்டியதில்லை. பள்ளிக்கூடம் நின்றாலும் வாசிப்பை நிறுத்தாதே." கீழே தன் பெயரையும் தெருவையும் எழுதினாள். அண்ணனிடம் ரகசியமாகக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கீழே போய் வாப்பாவிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். "பேரு போடத்தான் வேணுமா?"

"வேணும், வாப்பா."

கார்டை அலமாரியில் வைத்தார். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் காணோம். கிழித்தாரா போட்டாரா என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. நூல் சுற்றினாள். ராட்டை நின்றபோதெல்லாம் வாப்பாவின் காலடியைக் காதுகொடுத்துக் கேட்டாள்.

பத்து நாள் கழித்து வாப்பா மச்சுப்படி ஏறிவந்தார். கையில் இலத்தூர் முத்திரையோடு பிரிக்காத ஒரு தபால் இருந்தது. அவள் பெயருக்கு வந்த முதல் தபால்.

"தபால்காரரு உன் பேரச் சொல்லித்தான் கேட்டாரு" என்று சொல்லி நீட்டினார். அவள் வாங்கும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்தாமல் இறங்கிப் போனார்.